100 சதுர செ.மீ. பலகையின் செம்புக் கணக்கு

10 செ.மீ. நீளமும் 10 செ.மீ. அகலமும் உள்ள ஒற்றைப்பக்கச் செப்புப் பலகையில் 3.1 கிராம் செம்பு இருக்கிறது. கடையில் ‘ஒரு அவுன்ஸ் காப்பர்’ என்று கேட்டு வாங்கும் பலகையில் செம்பின் தடிமன் 35 மைக்ரான். செம்பின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 8.96 கிராம். பெருக்கினால் இந்த எடை வந்துவிடும். வீட்டில் பிசிபி (மின்சுற்றுப் பலகை) செய்கிறவர்கள் பலகையின் விலையை எழுதுவார்கள், ஃபெரிக் குளோரைடின் விலையை எழுதுவார்கள். கரைந்துபோகும் செம்பை யாரும் வரவு செலவில் சேர்ப்பதில்லை. முழுக் கணக்கும் அதில்தான் இருக்கிறது.

வெறும் டிராக்குகளும் பேட்களும் மட்டும் வரைந்த பலகையில் சுமார் 60 சதவீதச் செம்பு கரைய வேண்டியிருக்கும் என்று வைத்துக்கொள்வோம். அதாவது 1.9 கிராம். ஒரு கிராம் செம்பைக் கரைக்க, மஞ்சள் கட்டியாக விற்கும் ஃபெரிக் குளோரைடு 8.5 கிராம் வேண்டும். ஆக, பலகைக்கு 16 கிராம். 100 கிராம் பொட்டலம் ஏட்டுக் கணக்கில் 11.8 கிராம் செம்பைக் கரைக்கும். ஆனால் சத்து பாதி தீர்ந்ததுமே கரைசல் மந்தமாகிவிடும்; விளிம்புகள் அரிபடும், நடுவில் செம்பு திட்டுத்திட்டாக நிற்கும். எனவே பொட்டலத்துக்கு 3 பலகை என்பதே நடைமுறை.

விலை கடைக்குக் கடை மாறும். கணக்குக்காகப் பினாலிக் பலகை 60 ரூபாய், 100 கிராம் பொட்டலம் 80 ரூபாய் என்று வைக்கிறேன். உங்கள் கடைச் சீட்டில் உள்ளதைப் போட்டுக்கொள்ளுங்கள். பலகை 60, மருந்து (ஃபெரிக் குளோரைடு) 27, வழவழப்புத் தாளும் டோனரும் 5, டோனரைத் துடைக்கத் தின்னர் 5. மொத்தம் 97 ரூபாய். லேசர் பிரிண்டர், இஸ்திரிப் பெட்டி, கைத் துளைப்பான், 0.8 மற்றும் 1 மி.மீ. டிரில் பிட்கள் எல்லாம் கைவசம் இருப்பதாகக் கொண்டது இது. சீனத் தொழிற்சாலைகள் இதே அளவில், இருபுறமும் செம்பு போட்டு, பச்சைப் பூச்சோடு 5 பலகைகளை 2 டாலருக்குச் சலுகை விலையில் தருகின்றன. அஞ்சல் செலவு அதைவிடப் பல மடங்கு. ஐந்து பலகை வேண்டுமென்றால் வீட்டில் செய்வதில் லாபமில்லை. ஒரே ஒரு பலகை இன்று மாலைக்குள் வேண்டும் என்றால் வீட்டுப் பலகைக்கு ஈடே இல்லை. வரைந்ததை அன்றே சால்டர் வைத்துப் பார்த்து, தவறைக் கண்டு, மறுநாள் திருத்திச் செய்யும் மாணவருக்குக் கிடைக்கும் படிப்பை நான் உயர்வாகவே மதிக்கிறேன்.

இனி எழுதாமல் விட்ட செலவு. கழிவுநீரில் செம்பு லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்கின்றன இந்தியச் சுற்றுச்சூழல் விதிகள். குடிநீருக்கான இந்தியத் தரநிர்ணயத்தில் மாற்று நீர் கிடைக்காத இடத்துக்கும் உச்சவரம்பு 1.5 மில்லிகிராம். ஒரு பலகையிலிருந்து கரைந்த 1.9 கிராமைக் கழிவுநீர் வரம்புக்குள் கொண்டுவர சுமார் 630 லிட்டர் தண்ணீர் வேண்டும். 500 லிட்டர் மாடித் தொட்டி முழுவதும் ஊற்றினாலும் போதாது. 60 பேர் படிக்கும் பாலிடெக்னிக் வகுப்பில் ஆளுக்கொரு பலகை என்றால் 113 கிராம் செம்பு, 37,600 லிட்டர் தண்ணீர். 12,000 லிட்டர் லாரியில் மூன்று லோடு தாண்டும். தண்ணீர் விட்டுக் கலக்கி ஊற்றினால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையை இந்த எண்கள் அடியோடு மறுக்கின்றன. தண்ணீர் விட்டாலும் செம்பின் எடை குறைவதில்லை.

இந்தத் தொகையைக் குறைக்கும் வழி வரைபடத்திலேயே இருக்கிறது. டிராக்குகளுக்கு நடுவே உள்ள காலியிடத்தைக் கிரவுண்டோடு சேர்த்துச் செம்பாகவே விட்டுவிடுங்கள். கரைவது 60 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாக இறங்கினால், பலகைக்கு 0.63 கிராம் செம்பு, 5.3 கிராம் மருந்து. பொட்டலத்துக்கு 3 பலகை என்பது 9 ஆகும். மருந்துச் செலவு 27 ரூபாயிலிருந்து 9 ரூபாய்க்கு வரும். வகுப்புக்கு 20 பொட்டலம் வாங்கிய இடத்தில் 7 போதும். டிராக்கையும் அகலமாக வைக்கலாம்: 35 மைக்ரான் செம்பில் 0.5 மி.மீ. டிராக் 10 டிகிரி சூடேற்றத்துக்குள் சுமார் 1.4 ஆம்பியர் தாங்கும், 1 மி.மீ. டிராக் 2.4 ஆம்பியர் தாங்கும். டோனரை இஸ்திரி போட்டுப் பலகைக்கு மாற்றும் முறையில் பெரிய பரப்பில் ஊசித்துளைகள் விழும். அழியாத மார்க்கரால் அடைத்துவிட்டால் போதும். ரிலே வைத்து 230 வோல்ட் கொண்டுவரும் பலகையில் மட்டும் இந்தச் சிக்கனம் கூடாது. அந்தப் பக்கத்துக்கும் குறைந்த மின்னழுத்தப் பக்கத்துக்கும் நடுவே 6 மி.மீ.க்குக் குறையாமல் செம்பைக் கரைத்தே ஆக வேண்டும். உயிர் சம்பந்தப்பட்ட இடம் அது.

சத்துத் தீர்ந்த கரைசலைப் பிளாஸ்டிக் வாளியிலேயே வைத்து, 100 கிராம் பொட்டலத்துக்கு 60 கிராம் சலவைச் சோடா வீதம் சிறிது சிறிதாகப் போடுங்கள். நுரை பொங்கும், வாளி பாதிக்கு மேல் நிறைந்திருக்கக் கூடாது. கண்ணாடியும் கையுறையும் அணிந்திருக்க வேண்டும். பி.எச். தாளில் 8, 9 காட்டும்வரை சோடா சேர்த்தால் இரும்பும் செம்பும் சேறாக அடியில் படியும். மேல்நீர் தெளிந்த பிறகு துணியில் வடிகட்டி, சேற்றைக் காயவைத்து, வீட்டு அபாயக் கழிவாக உள்ளாட்சி மையத்தில் கொடுங்கள். பலகைக்கு 20 கிராம் சோடா, ஒன்றிரண்டு ரூபாய்ச் செலவு. அதைச் சேர்த்தாலும் நம் பலகை 100 ரூபாய்க்குள்தான் நிற்கிறது.

பாலிடெக்னிக் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: செய்முறைக் குறிப்பேட்டில் பலகையின் பரப்பையும் மருந்தின் எடையையும் எழுதச் சொல்லும் இடத்தில், கரைந்த செம்பு எத்தனை கிராம், அது எங்கே போனது என்று இரண்டு கட்டங்களைச் சேர்த்துவிடுங்கள். அந்த இரண்டும் நிரம்பாத பலகைக்கு மதிப்பெண் போடாதீர்கள்.