செவியில் விழும் குரல்

அருகில் எவரும் இல்லை. ஆயினும் யாரோ பெயர் சொல்லி அழைக்கிறார், ஏசுகிறார், “இதைச் செய்” என்று ஆணையிடுகிறார். கேட்பவருக்கு அது கற்பனையன்று. அடுத்த அறையில் ஒருவர் பேசுவது போன்றே செவியில் விழுகிறது. மனச்சிதைவு போன்ற நோய்களின் தொடக்கத்தில் பலர் அடையும் அனுபவம் இது. பெரும்பாலும் 15 முதல் 30 வயதிற்குள், அதாவது நம் கல்லூரிப் பருவத்தில், இந்நோய் தலைகாட்டுகிறது. ஆதலின் மாணவ நண்பர்கள் இதனை அறிந்திருத்தல் நலம்.

பாலக்காட்டின் சித்தூர் வட்டத்திலும், இடுக்கியின் மூணாறு, பீர்மேடு தேயிலைத் தோட்டங்களிலும் வாழும் நம்மவருள் சிலர் இன்றும் இதனைக் காத்துக் கருப்பு என்பர், செய்வினை என்பர். உடுக்கை ஒலிக்கும், மந்திரித்த கயிறு ஏறும், மாதங்கள் கழியும். அறிவியல் கூறுவது யாது?

நாம் அனைவரும் மனத்துள் பேசிக்கொள்கிறோம். “இது என் பேச்சே” என்று மூளை அதற்கு அடையாளம் இடுகிறது. அவ்வடையாளம் தவறினால் தன் பேச்சே பிறர் குரலாக ஒலிக்கும் என்பது அறிஞர் பலர் கருத்து. 1993இல் இலண்டன் ஆய்வாளர், குரல் கேட்கும் வேளையில் நோயாளரின் மூளையைப் படமெடுத்தனர். பேச்சை உருவாக்கும் புரோக்கா பகுதியில் குருதியோட்டம் மிகுந்திருந்தது. ஆகவே “பொய் சொல்கிறான்” என்பது அறியாமை.

அக்குரல் யாருடையது? அமெரிக்க அறிஞர் டான்யா லூர்மன் குழுவினர் சென்னை, கானா நாட்டு அக்ரா, கலிபோர்னியாவின் சான் மாட்டியோ ஆகிய மூவிடங்களில் இடத்திற்கு 20 நோயாளரை வினவி, 2015இல் முடிவை வெளியிட்டனர். அமெரிக்கர் பலர் கொடிய வன்முறைப் பேச்சைக் கேட்டனர். சென்னையில் 11 பேர் கேட்டவை உறவினர் குரல்கள். வீட்டு வேலைகளை ஏவின, கண்டித்தன. நோய் ஒன்றாயினும், குரல் அவரவர் வீட்டு மொழியில் பேசுகிறது.

எல்லைப்புறத் தமிழருக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. மருத்துவர் மலையாளத்தில் வினவுவார். “தூக்கமில்லை, தலைவலி” என்று மட்டும் மலையாளத்தில் சொல்லிவிட்டு, தமிழில் ஏசும் குரலைப் பற்றி வாய் திறவாமலே இளைஞன் திரும்பிவிடக்கூடும். இருமொழியும் அறிந்த தோழர் ஒருவர் உடன் செல்வது பேருதவியாகும்.

காலத்தாழ்வு கேடு தரும். ஏர்வாடியில் 2001 ஆகஸ்டு 6 அன்று, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 நோயாளர் தீயில் மாண்டனர். 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் சங்கிலியிடுவதை அறவே தடை செய்துள்ளது. 1950களிலிருந்து மருந்துகள் உள்ளன. தொடக்கத்திலேயே மருத்துவம் பெற்றோர் பலர் படிப்பிற்கும் பணிக்கும் திரும்புகின்றனர்.

தோழன் ஒருவன் உறக்கம் கெட்டு, ஒதுங்கி, எவரையும் ஐயுற்று, தனக்குள் பேசுகிறானா? நகைக்க வேண்டா, வாதிடவும் வேண்டா. “உனக்குக் கேட்கிறது, எனக்குக் கேட்கவில்லை, சொல், கேட்கிறேன்” என்க. குரல் கேட்பதெல்லாம் மனச்சிதைவு ஆகாது. காய்ச்சல், மதுப்பழக்கம், பெருந்துயர் ஆகியவற்றாலும் கேட்கலாம். அதைத் தெளிய வேண்டியவர் மருத்துவர். தன்னையோ பிறரையோ துன்புறுத்துமாறு குரல் ஏவினால் அவனைத் தனியே விடாது அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். டெலி மானஸ் எனும் அரசுத் தொலைபேசி 14416இல் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். அவ்வெண்ணை விடுதிச் சுவரில் எழுதி வைப்போம்.