எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டும் தண்ணி கேனும்

மூன்று வருடத்துக்கு முன் எடுத்த எம்.ஆர்.ஐ.யில் எல்4-எல்5 டிஸ்க் பிதுக்கம், தேய்மானம் என்று வந்தது. அன்றிலிருந்து முதுகைக் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி வைத்திருந்தேன். குனிவதில்லை, தூக்குவதில்லை. வீட்டில் 20 லிட்டர் தண்ணி கேனைக்கூட மனைவிதான் தூக்கிக் கவிழ்ப்பாள். பெல்ட், தைலம், புது நாற்காலி எல்லாம் பார்த்தாச்சு. வலி போகவில்லை. வலி இல்லாத நாளிலும் பயம் இருந்தது.

கடைசியில் போன பிசியோதெரபிஸ்ட் ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டு, "கடைசியா எப்ப சார் கேன் தூக்குனீங்க?" என்று கேட்டார். ரெண்டு வருஷம் இருக்கும் என்றேன். "அதத்தான் முதல்ல சரி பண்ணணும்" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. டிஸ்க் பிதுங்கியவனைப் பார்த்து கேன் தூக்கச் சொல்கிறாரே!

வீட்டுக்கு வந்து தேடினேன். 1994இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஒரு ஆய்வு. முதுகுவலியே இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்ததில் 52 சதவீதம் பேருக்கு ஒரு இடத்திலாவது டிஸ்க் பிதுங்கி இருந்தது. 2015இல் இதே மாதிரி 33 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். மொத்தம் 3110 பேர், யாருக்கும் வலி இல்லை. 40 வயதுக்காரர்களில் 68 சதவீதத்துக்குத் தேய்மானம், பாதிப் பேருக்குப் பிதுக்கம். நன்றாக ஓடும் சர்வரின் லாகிலும் நூறு வார்னிங் இருக்கும். அதில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு ரெண்டு வருஷம் உட்கார்ந்திருக்கிறேன்.

(ஆனால் கால் பலவீனமாவது, சிறுநீர் கட்டுப்பாடு போவது, தொடையிடுக்கு மரத்துப்போவது இதெல்லாம் வேறு கதை. உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடணும்.)

நாள்பட்ட வலியில் நரம்பு மண்டலம் சின்ன அசைவுக்கும் அலாரம் அடிக்கப் பழகிவிடுகிறது. பயந்து அசையாமல் இருந்தால் தசையும் சோர்ந்து போகும், அலாரமும் இன்னும் சீக்கிரம் அடிக்கும். "இது ஆபத்தில்லை" என்று உடம்புக்கு மறுபடி மறுபடி செய்து காட்டுவதுதான் வழி, அதுவும் படிப்படியாக.

முதலில் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தின் ஸ்டூவர்ட் மெக்கில் பிரபலமாக்கிய மூன்று பயிற்சிகள். ஒன்றில், முட்டிபோட்டுக் கை ஊன்றி, வலது கையையும் இடது காலையும் நீட்டி பத்து விநாடி நிற்கணும், பிறகு மாற்றி. பார்க்கச் சுலபம், முதல் நாள் ஆடிப்போய்விட்டேன். மூன்றாவது வாரம் காலி பக்கெட் தூக்கினேன். அப்புறம் 3 கிலோ, 5 கிலோ. அவர் சொன்ன விதி ஒன்றே ஒன்று: லேசாக வலித்தால் பரவாயில்லை, மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும். வராவிட்டால் ஒரு படி கீழே இறங்கு, நிறுத்தாதே.

ஆறாவது வாரம் பிடித்துக்கொண்டது. எல்லாம் போச்சு என்று ரெண்டு நாள் படுத்துவிட்டேன். போன் பண்ணினால், "பத்து நிமிஷம் நடங்க சார், நாளைக்கு 3 கிலோவுல இருந்து ஆரம்பிப்போம்" என்றார். இன்றும் ராத்திரி முழுக்க ரிலீஸ் வேலை இருந்தால் வலி எட்டிப்பார்க்கும். நடந்தால் ரெண்டு நாளில் போய்விடும்.

ஐந்தாவது மாதம் கேனை நானே தூக்கிக் கவிழ்த்தேன். கால்வாசித் தண்ணி தரையில். மனைவி துடைப்பத்தைக் கையில் கொடுத்து, "குனியத்தான் முடியுதுல்ல, கூட்டி விடுங்க" என்றாள்.