விளக்கு நாட்டிய மந்திரி

பாதசாரிகள் வீதியைக் கடக்குமிடத்தில் மின்னும் மஞ்சட் கோளவிளக்கை ஆங்கிலேயர் இன்றும் 'பெலிஷா விளக்கு' என்றே வழங்குவர். லெஸ்லி ஹோர் பெலிஷா என்னும் யூதர், 1934இல் போக்குவரத்து மந்திரியாயிருந்து நாட்டுவித்தது அது. 1923இல் பாரிஸ்டரானவர், அவ்வாண்டே பாராளுமன்றமும் புகுந்தார். 1937இல் யுத்த மந்திரியாகிச் சாதாரணப் போர்வீரரின் உணவையும் உறைவிடத்தையும் திருத்தினார். தளபதிகளோ அவரை வெறுத்தனர். 1940 சனவரியில் பிரதமர் சேம்பர்லின் அவரை அப்பதவியினின்றும் நீக்கினார். தகவல் மந்திரியாக்கலாமென அவர் எண்ணியபோது, பெலிஷா யூதரென்பதைச் சுட்டித் தடுத்தவர் ஹலிபாக்ஸ் பிரபு. ஹிட்லரோடு பொருதுகொண்டிருந்த அரசினுள்ளேயே இச்சொல் எழுந்ததே! இதனைப் படிக்குந்தோறும் என் நெஞ்சு பொறுப்பதில்லை. வர்த்தக மந்திரிப் பதவி தருவதாகச் சொன்னார்கள். பெலிஷா அதனை ஏலாது வெளியேறினார்.