சைக்கியாட்ரி எடுக்கலாமா? ‘ஏன்?’ என்று யாருமே கேட்காத சீட்... நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள்!

“நான் சைக்கியாட்ரி எடுக்கப்போறேன்” என்று ஒரு ஹவுஸ் சர்ஜன் வீட்டில் சொன்னால் என்ன நடக்கும்? “நல்ல ரேங்க் வந்தும் இதுவா?”, “அவங்களோட இருந்து நீயும் ஒரு மாதிரி ஆயிடுவ”, “கல்யாணப் பேச்சு எடுக்கும்போது என்னன்னு சொல்றது?” என்று வரிசையாகக் கேள்விகள் வரும்.

ஆனால் சீட் கொடுக்கும் சிஸ்டம் ஒரு கேள்விகூடக் கேட்காது. இந்தியாவில் எம்.டி சைக்கியாட்ரி சேர இன்டர்வியூ கிடையாது. பேராசிரியரின் பரிந்துரைக் கடிதம், “நான் ஏன் மனநல மருத்துவர் ஆக விரும்புகிறேன்” என்று ஒரு பக்கக் கட்டுரை, எதுவுமே தேவையில்லை. ரேங்க் இருந்தால் போதும்.

அமெரிக்காவில் இதே படிப்புக்கு விண்ணப்பிக்கிறவர் பரிந்துரைக் கடிதங்களும் பர்சனல் ஸ்டேட்மென்ட்டும் அனுப்பி, பல மருத்துவமனைகளில் இன்டர்வியூ முடித்து, மார்ச் மாதம் ‘மேட்ச்’ முடிவுக்காகக் காத்திருப்பார். நம்ம ஊரில் அந்த வேலை ஒரு மவுஸ் கிளிக்கில் முடிந்துவிடுகிறது. இது ஒரு வகையில் நல்லது. சிபாரிசுக்கு இடமில்லை, யாருடைய பிள்ளை என்று யாரும் பார்ப்பதில்லை. சிக்கல் என்னவென்றால், இந்த வேலைக்கு நாம் சரிப்பட்டு வருவோமா என்று நிதானமாக யோசிக்க இந்த முறையில் ஒரு இடமே இல்லை. அதை மாணவர்தான் தனியாகச் செய்துகொள்ள வேண்டும்.

இது ஏன் முக்கியம்?

நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி, இந்தியாவில் வயதுவந்தவர்களில் 10.6% பேருக்கு ஏதோ ஒரு மனநலப் பிரச்சினை இருந்தது. ஆய்வு நடந்த 12 மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. இன்னொரு கணக்குதான் அதிர்ச்சி. நோயைப் பொறுத்து 70 முதல் 92% பேர் வரை சிகிச்சைக்கே வரவில்லை. ஒரு லட்சம் பேருக்கு 3 மனநல மருத்துவர்களாவது இருக்க வேண்டும் என்று சொல்கிறார்கள். 2019-ல் வெளியான ஒரு கணக்கீட்டின்படி இந்தியாவில் இருந்தது 0.75 பேர்.

டாக்டர் கிடைக்காத இடத்தில் என்ன ஆகும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6-ம் தேதி ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநல பாதிப்பு உள்ளவர்களைத் தங்கவைத்திருந்த ஒரு கொட்டகையில் தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை.

ஆக, ஒவ்வொரு சைக்கியாட்ரி சீட்டும் முக்கியம். விருப்பமில்லாமல் சேர்ந்து பாதியில் விட்டுப்போனாலோ, மூன்று வருடத்தைக் கடனே என்று ஓட்டினாலோ, நஷ்டம் அந்த மாணவருக்கு மட்டும் இல்லை.

உள்ளே போக என்ன வழி?

எம்.பி.பி.எஸ் படிப்பு நாலரை வருடம், அதன்பிறகு ஒரு வருடம் பயிற்சி மருத்துவர். ரெகுலராகப் பேசும்போது இவரைத்தான் ஹவுஸ் சர்ஜன் என்கிறோம். இதை முடித்தவர்களுக்கு இரண்டு வாசல்கள் இருக்கின்றன.

முதலாவது, நீட் பிஜி. 200 கேள்விகள், மூன்றரை மணி நேரம், மொத்தம் 800 மதிப்பெண். சரியான பதிலுக்கு 4 மதிப்பெண் கிடைக்கும், தப்பானால் 1 போய்விடும். அரசு, தனியார் கல்லூரிகளின் எம்.டி இடங்களும், டி.என்.பி இடங்களும் இந்த ரேங்க்கை வைத்துத்தான் நிரப்பப்படுகின்றன. இரண்டுமே மூன்று வருடப் படிப்பு.

இரண்டாவது, ஐ.என்.ஐ-செட். எய்ம்ஸ் நிறுவனங்கள், புதுச்சேரி ஜிப்மர், சண்டிகர் பி.ஜி.ஐ, பெங்களூரு நிம்ஹான்ஸ் ஆகியவற்றுக்கான தேர்வு. வருடத்துக்கு இரண்டு முறை நடக்கும். “நீட் பிஜி ரேங்க்கை வைத்து நிம்ஹான்ஸ் போயிடலாம்” என்று நினைத்துக்கொண்டு இந்த விண்ணப்பத்தைத் தவறவிட வேண்டாம். இரண்டும் வேறு வேறு.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. சைக்கியாட்ரி சீட்டுக்கான நுழைவுத் தேர்வில் சைக்கியாட்ரி கேள்விகள் ரொம்பக் குறைவு. அனாட்டமியிலிருந்து மகப்பேறு மருத்துவம் வரை எம்.பி.பி.எஸ்-ஸின் எல்லாப் பாடங்களிலும் கேள்வி வரும். அதனால், மனநலம் பிடிக்கும் என்பதற்காக அதை மட்டும் ஆழமாகப் படித்தால் ரேங்க் வராது. மெடிசின், சர்ஜரி, ஓ.ஜி, பி.எஸ்.எம் எல்லாவற்றையும் படித்துத்தான் ஆக வேண்டும்.

கவுன்சலிங்கில் எங்கே சறுக்குகிறார்கள்?

அரசு கல்லூரிகளின் பி.ஜி இடங்களில் 50% அகில இந்திய ஒதுக்கீடு. இதற்கான கவுன்சலிங்கை எம்.சி.சி நடத்துகிறது. மீதி 50% மாநில ஒதுக்கீடு. தமிழ்நாட்டில் இதை மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு நடத்தும். இரண்டுக்கும் தனித்தனியாகப் பதிவு செய்ய வேண்டும்.

அடிக்கடி மாட்டிக்கொள்ளும் விஷயங்கள் சில:

• சாதிச் சான்றிதழ்: தமிழ்நாட்டில் 69% இடஒதுக்கீடு, பி.சி, எம்.பி.சி என்ற பிரிவுகள். அகில இந்திய ஒதுக்கீட்டில் ஓ.பி.சி 27%. அதற்கு மத்திய அரசின் படிவத்தில் ‘கிரீமி லேயர் இல்லை’ என்ற சான்றிதழ் வேண்டும். ஊரில் வாங்கி வைத்திருக்கும் பி.சி சான்றிதழ் அங்கே போதாது. ரிசல்ட் வந்தபிறகு தாலுகா ஆபீஸுக்கு ஓடுவதைவிட முன்பே வாங்கிவிடுவது நல்லது.

• இன்டர்ன்ஷிப் முடியும் தேதி: அந்த வருட அறிவிப்பில் சொல்லியிருக்கும் கடைசித் தேதிக்குள் முடிக்க வேண்டும். லீவு போட்டு போஸ்டிங் நீண்டுபோனவர்கள் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்துக்கொள்ளவும்.

• இரண்டாவது சுற்று: எம்.சி.சி-யின் முதல் சுற்றில் கிடைத்த இடத்தில் சேராமல் விட்டால் பிரச்சினை இல்லை. இரண்டாவது சுற்றிலிருந்து அப்படி இல்லை. சேராவிட்டால் டெபாசிட் போய்விடும். “சும்மா போட்டு வைப்போம்” என்று சாய்ஸ் லிஸ்ட்டில் சைக்கியாட்ரியைச் சேர்ப்பவர்கள் சிக்குவது இங்கேதான்.

• சொந்த மாநிலம்: வசிப்பிடத்தை வைத்து பி.ஜி இடங்களில் ஒதுக்கீடு தருவது செல்லாது என்று 2025 ஜனவரி 29-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதனால் சீனியர்கள் சொல்லும் பழைய விதிகளை நம்பாமல், இந்த வருட ப்ராஸ்பெக்டஸைப் படியுங்கள். அரசு மருத்துவர்களுக்கான தனி ஒதுக்கீடு, படிப்பு முடிந்ததும் அரசுப் பணி செய்வதற்கான பாண்ட், பாதியில் விட்டால் கட்ட வேண்டிய தொகை எல்லாம் அதில்தான் இருக்கும்.

எந்தக் காலேஜ்? இதைப் பாருங்கள்

கட் ஆஃப் மட்டும் பார்த்து லிஸ்ட் போட்டால், மூன்று வருடத்தில் நீங்கள் பார்க்கப்போகும் நோயாளிகள் யார் என்பது தெரியாமலே போய்விடும்.

மனநலத்துக்கென்றே இருக்கும் பெரிய மருத்துவமனை ஒரு வகை. சென்னை கீழ்ப்பாக்கத்தில் உள்ள அரசு மனநலக் காப்பகம் அப்படிப்பட்டது. 1794-ல் தொடங்கிய மருத்துவமனையின் தொடர்ச்சி அது. 1871-லிருந்து இப்போதைய இடத்தில் இயங்குகிறது. மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ் மாணவர்களுக்கு அங்கேதான் பயிற்சி. வருடக்கணக்கில் நீடிக்கும் ஸ்கிசோஃப்ரினியா, மறுவாழ்வு, நீதிமன்றம் அனுப்பும் வழக்குகள் போன்றவற்றை அங்கே நிறைய பார்க்கலாம்.

பொது மருத்துவமனைக்குள் இருக்கும் சைக்கியாட்ரி துறை வேறு வகை. விஷம் குடித்து ஐ.சி.யு-வில் பிழைத்தவர், குடியை நிறுத்திய மூன்றாம் நாள் கை நடுங்கிப் பிதற்றுகிறவர், பிரசவத்துக்குப்பின் குழந்தையைத் தொடவே பயப்படுகிற தாய் என்று மற்ற வார்டுகளிலிருந்து அழைப்பு வந்துகொண்டே இருக்கும். வேலூர் சி.எம்.சி-க்கு பாகாயத்தில் தனி மனநல மையம் இருக்கிறது. நோயாளியுடன் குடும்பத்தினரும் தங்கி சிகிச்சையில் பங்கெடுக்கும் முறைக்கு அது பெயர் பெற்றது.

எது சிறந்தது என்பதைவிட, உங்களுக்கு எது வேண்டும் என்பதுதான் கேள்வி. அங்கே படிக்கும் பி.ஜி-க்களிடம் கேளுங்கள்: குழந்தைகள் பிரிவு, போதை மீட்புப் பிரிவு இருக்கிறதா? சைக்காலஜிஸ்ட், சோஷியல் ஒர்க்கர் இருக்கிறார்களா? கேஸ் பார்த்தால் உட்கார்ந்து டிஸ்கஸ் பண்ண கன்சல்டன்ட்டுக்கு நேரம் இருக்கிறதா?

மொழி ஒரு பெரிய விஷயம்

எலும்பு முறிவை எக்ஸ்ரே காட்டும். மனச்சோர்வை நோயாளியின் வார்த்தைதான் காட்டும். “நெஞ்சு அடைக்குது”, “உடம்பெல்லாம் எரியுது”, “மனசே சரியில்ல”, “யாரோ செஞ்சு வெச்சுட்டாங்க”... ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் என்ன இருக்கிறது என்று புரிய, பாஷை தெரிந்தால் மட்டும் போதாது, பேச்சு வழக்கும் தெரிய வேண்டும். திருநெல்வேலிக்காரர் சொல்வதும் தருமபுரிக்காரர் சொல்வதும் ஒரே மாதிரி இருக்காது.

அகில இந்திய ஒதுக்கீட்டில் ராஜஸ்தானில் சீட் கிடைக்கலாம். பேத்தாலஜி என்றால் சமாளித்துவிடலாம். சைக்கியாட்ரியில் அந்த ஊர் மொழியைக் கற்றே ஆக வேண்டும். கற்றுக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள், ஆனால் முதல் ஆறு மாதம் கஷ்டம்தான். சாய்ஸ் ஃபில்லிங்கில் யோசிக்க வேண்டிய விஷயம் இது.

மூன்று வருடத்தில் என்ன நடக்கும்?

சினிமா வேறு, வார்டு வேறு. கட்டிப்போட்டு ஷாக் கொடுக்கும் காட்சிகளை மறந்துவிடுங்கள். 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மயக்க மருந்தும் தசைத் தளர்வு மருந்தும் இல்லாமல் மின்னதிர்வு சிகிச்சை கொடுப்பதைத் தடை செய்கிறது. நோயாளியைச் சங்கிலியால் கட்டுவதும் குற்றம். ஒருவரை அவர் விருப்பமில்லாமல் அட்மிட் செய்வதற்கு என்ன நடைமுறை, அவருடைய சார்பில் யார் பேசலாம், “எனக்கு இந்த சிகிச்சை வேண்டாம்” என்று அவர் முன்பே எழுதிக் கொடுத்திருந்தால் என்ன செய்வது என்பதெல்லாம் முதல் வருடத்திலிருந்தே தெரிந்திருக்க வேண்டும்.

தினசரி வேலை பெரும்பாலும் கேட்பதும் எழுதுவதும்தான். ஒரு புது நோயாளியின் முழு வரலாற்றை வாங்க ஒரு மணி நேரம்கூட ஆகலாம். அவர் சொல்வது ஒன்று, மனைவி சொல்வது ஒன்று, அம்மா சொல்வது ஒன்று. மூன்றையும் வைத்துத்தான் முடிவுக்கு வர வேண்டும். கூடவே நைட் டியூட்டி, செமினார், தீசிஸ், மாவட்ட மருத்துவமனையில் மூன்று மாதப் பணி, கடைசியில் தியரியும் பிராக்டிக்கலும்.

இதில் உடனடி வெற்றி குறைவு. அப்பெண்டிக்ஸை எடுத்தால் நோயாளி சில நாளில் வீட்டுக்குப் போவார். மனச்சோர்வுக்கான மாத்திரை வேலை செய்யவே சில வாரங்கள் ஆகும். நன்றாகிப் போனவர் மாத்திரையை நிறுத்திவிட்டுத் திரும்ப வருவார். நீங்கள் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் தற்கொலை செய்துகொள்ளவும் கூடும். அதைத் தாங்குவதும் பயிற்சியின் ஒரு பகுதி. அதைப் பேச ஆள் இருக்கும் துறையா என்று முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

சேரும் முன் எப்படி டெஸ்ட் பண்ணுவது?

எம்.பி.பி.எஸ்-ஸில் சைக்கியாட்ரிக்குத் தனிப் பரீட்சை கிடையாது. ஜெனரல் மெடிசின் பேப்பருக்குள் அடக்கம். வார்டு போஸ்டிங்கும் சில வாரங்கள்தான். பலர் அதை ரெஸ்ட் போஸ்டிங்காக, நீட் படிக்கும் நேரமாகப் பயன்படுத்துகிறார்கள். உங்களுக்கு ஆர்வம் இருந்தால் அந்தத் தப்பை மட்டும் செய்யாதீர்கள்.

இன்டர்ன்ஷிப்பில் கிடைக்கும் இரண்டு வாரத்தில் ஒரே நோயாளியை அட்மிஷனிலிருந்து டிஸ்சார்ஜ் வரை தொடர்ந்து பாருங்கள். ஓ.பி-யில் உட்கார்ந்து, மூன்றாவது முறையாக அதே புகாரோடு வருகிறவரை கன்சல்டன்ட் எப்படிக் கையாள்கிறார் என்று கவனியுங்கள். அந்த நேரத்தில் எரிச்சல் வருகிறதா, “இன்னும் கொஞ்சம் கேட்கலாமே” என்று தோன்றுகிறதா? கோச்சிங் ஆப் எதுவும் தராத பதில் அதிலிருந்து கிடைக்கும். எலெக்டிவ் காலத்தையும் இதற்குப் பயன்படுத்தலாம். ரேங்க்கில் ஒரு மார்க்கும் கூடாது. ஆனால் மூன்று வருடம் மிச்சமாகலாம்.

“எனக்கே டிப்ரஷன் இருந்தது... நான் எடுக்கலாமா?”

வெளியில் கேட்கத் தயங்கும் கேள்வி இது. மனநல சிகிச்சை எடுத்தவர்கள் சைக்கியாட்ரி படிக்கக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. ஆனால், தன்னைக் குணப்படுத்திக்கொள்வதற்காகவே இந்தப் படிப்பில் சேர்வது சரிவராது. சிகிச்சைக்கு டாக்டரிடம்தான் போக வேண்டும். வார்டு அதற்கான இடம் இல்லை. உங்களுக்கு சிகிச்சை தரும் டாக்டரிடமே இதைப் பேசி முடிவெடுங்கள்.

வீட்டில் என்ன சொல்வது?

“இதுல வருமானம் இருக்கா?” என்பதற்குப் பதில் எளிது. பெரிய மெஷின், ஆபரேஷன் தியேட்டர் எதுவும் இல்லாமல் ஒரு சின்ன அறையில் கிளினிக் வைக்கலாம். மருத்துவக் கல்லூரிகள், தனியார் மருத்துவமனைகள், மாவட்ட மனநலத் திட்டம் என எல்லா இடத்திலும் ஆள் தேவைப்படுகிறது.

“பொண்ணுங்களுக்கு இது சரிவருமா?” என்று கேட்டால், டாக்டர் எம்.சாரதா மேனனைப் பற்றிச் சொல்லுங்கள். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர். கீழ்ப்பாக்கம் மருத்துவமனைக்குத் தலைமை தாங்கியவர். 1984-ல் சென்னையில் ‘ஸ்கார்ஃப்’ அமைப்பைத் தொடங்கி, நோயாளிகளின் மறுவாழ்வுக்கு வழிகாட்டியவர். 2021-ல் தன் 98-வது வயதில் மறைந்தார்.

ஊர் பேசுவதற்குத்தான் ரெடிமேட் பதில் இல்லை. ஒரு டாக்டருக்கே இந்தத் துறையின் பெயரை வீட்டில் சொல்லத் தயக்கம் இருக்கிறது என்றால், நோயாளிக்கு எவ்வளவு தயக்கம் இருக்கும்? அதை யோசித்துப் பார்த்துவிட்டு, சாய்ஸ் லிஸ்ட்டை லாக் பண்ணுங்கள்.

(மன உளைச்சலோ, தற்கொலை எண்ணமோ இருந்தால் டெலி மானஸ் எண் 14416-ல் எந்த நேரத்திலும் இலவசமாகப் பேசலாம்.)