ரசீது கொடுத்த வக்கீல்

மாணவச் செல்வங்களே, முதலில் ஒரு கணக்கு போடலாமா? பயப்படாதீர்கள், சின்னக் கணக்குதான்!

ஒரு குடும்பம். அப்பா, அம்மா, வளர்ந்த பையன், வளர்ந்த பெண். அப்பாவின் மாதச் சம்பளம் 14 ஷில்லிங். வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 3 பவுண்டு வரி கட்ட வேண்டும். 20 ஷில்லிங் சேர்ந்தால் ஒரு பவுண்டு. அப்படியானால் ஓர் ஆண்டுச் சம்பளத்தில், வரி போக மீதி எவ்வளவு?

சம்பளம் 14 x 12 = 168 ஷில்லிங். வரி 4 x 3 = 12 பவுண்டு, அதாவது 240 ஷில்லிங். மீதி எங்கே இருக்கிறது? 72 ஷில்லிங் கடன்தான் இருக்கிறது! ஆண்டு முழுவதும் ஒரு வேளை கூடச் சாப்பிடாமல் உழைத்தாலும் இந்த வரியைக் கட்ட முடியாது.

இது கற்பனைக் கணக்கு இல்லை. தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியில் 1895-ல் சட்டமான வரி. பின்னர் 16 வயது தாண்டிய பையன்களும், 13 வயது தாண்டிய பெண்களும் கட்ட வேண்டும் என்று நீட்டித்தார்கள். இதைப் படிக்கும் உங்களில் சிலர் கூட அந்த ஊரில் இருந்திருந்தால் வரி கட்டியிருக்க வேண்டும்!

யார் மீது இந்த வரி? நம்மவர்கள் மீது! 1860-ஆம் ஆண்டு சென்னையிலிருந்து 'ட்ரூரோ' என்ற கப்பல் புறப்பட்டு, நவம்பர் 16 அன்று நேட்டாலின் டர்பன் நகரை அடைந்தது. அதில் போனவர்கள் கரும்புத் தோட்டங்களில் வேலை செய்யப் போன ஒப்பந்தக் கூலிகள். அதன் பின் கப்பல் கப்பலாகத் தமிழர்களும் தெலுங்கர்களும் வட இந்தியர்களும் போனார்கள். ஐந்து ஆண்டு ஒப்பந்தம் முடிந்த பிறகு அங்கேயே சுதந்திரமாக வாழ விரும்பினால், அதற்குத்தான் இந்த வரி.

இந்த வரியை எதிர்த்து நின்றவர்களில் ஓர் இளம் வக்கீல் இருந்தார். அவரும் பிழைப்புக்காகக் கடல் கடந்து போனவர்தான்.

ஒரு மாதம் 20 ஆண்டுகள் ஆனது!

1893 மே மாதம் அவர் டர்பனில் வந்து இறங்கியபோது வயது 23. ஒரு வியாபாரியின் வழக்குக்கு உதவி செய்ய, ஓர் ஆண்டு வேலைக்காக வந்திருந்தார். வந்த சில நாட்களிலேயே அவரை நீதிமன்றத்துக்கு அழைத்துச் சென்றார்கள். மாஜிஸ்டிரேட் அவருடைய தலைப்பாகையைக் கழற்றச் சொன்னார். அவர் மறுத்துவிட்டு வெளியேறினார்.

யார் என்று கண்டுபிடித்துவிட்டீர்களா? ஆம், மோகன்தாஸ் கரம்சந்த் காந்திதான்! ரயிலிலிருந்து அவரை இறக்கிவிட்ட கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதற்குப் பின் அவர் அந்த ஊருக்காக என்னென்ன செய்தார் என்பது பலருக்குத் தெரியாது. அதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

வழக்கு சமரசமாக முடிந்தது. 1894-ல் ஊருக்குப் புறப்படும் காந்திக்கு விருந்து வைத்தார்கள். அப்போது ஒரு செய்தித்தாள் அவர் கண்ணில் பட்டது. நேட்டால் இந்தியர்களின் வாக்குரிமையைப் பறிக்கும் மசோதா வரப் போகிறது என்று அதில் இருந்தது. "ஒரு மாதம் இருந்து எங்களுக்கு உதவுங்கள்" என்று அங்கிருந்தவர்கள் கேட்டுக்கொண்டார்கள். அவரும் சம்மதித்தார். அந்த ஒரு மாதம் நீண்டுகொண்டே போயிற்று. இடையில் சில முறை தாய்நாடு வந்து போனாலும், அவர் தென்னாப்பிரிக்காவை விட்டு ஒரேயடியாகப் புறப்பட்டது 1914-ல்தான்!

முதல் வேலை, கையெழுத்து வாங்குவது. தொண்டர்கள் ஊர் ஊராக அலைந்து இரண்டே வாரத்தில் சுமார் 10,000 கையெழுத்துகள் வாங்கி, லண்டனில் இருந்த அமைச்சருக்கு மனு அனுப்பினார்கள். அந்த மசோதாவை லண்டன் ஏற்கவில்லை. ஆனாலும் 1896-ல் நேட்டால் அரசு வேறு வார்த்தைகளில் அதே சட்டத்தைக் கொண்டு வந்துவிட்டது. பொதுவேலையில் எப்போதும் வெற்றியே கிடைக்கும் என்று சொல்ல முடியாது, பிள்ளைகளே!

ஐந்து ஷில்லிங்குக்கும் ரசீது

பொதுவேலைக்குச் சம்பளம் வாங்க காந்தி மறுத்துவிட்டார். வக்கீல் தொழில் செய்து தன் செலவைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். அவரை வக்கீலாகச் சேர்க்கக் கூடாது என்று அங்கிருந்த வக்கீல்கள் சங்கம் எதிர்த்தது. நீதிமன்றம் அந்த எதிர்ப்பைத் தள்ளிவிட்டது. ஆனால் தலைமை நீதிபதி, "இனி தலைப்பாகையைக் கழற்ற வேண்டும்" என்றார். இந்த முறை காந்தி கழற்றிவிட்டார்! நண்பர்களுக்கு வருத்தம். பெரிய போராட்டங்கள் காத்திருக்கும்போது சின்ன விஷயத்தில் பலத்தைச் செலவழிக்கக் கூடாது என்பது அவர் எண்ணம்.

1894-ல் நேட்டால் இந்தியக் காங்கிரஸ் தொடங்கப்பட்டது. காந்தி அதன் செயலாளர். மாதச் சந்தா குறைந்தது 5 ஷில்லிங். வசூல் என்றால் சும்மாவா? வகுப்பில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வசூல் செய்தவன் நான், எனக்குத் தெரியும்! "நாளைக்குத் தருகிறேன் சார்" என்பார்கள். அந்த நாளை வரவே வராது.

காந்தி என்ன செய்தார் தெரியுமா? ஒரு நாள் இரவு வெளியூர் வியாபாரி ஒருவர் வீட்டுக்கு வசூலுக்குப் போனார்கள். 6 பவுண்டு எதிர்பார்த்தார்கள். அவரோ 3 பவுண்டுக்கு மேல் தர மாட்டேன் என்றார். எல்லோருக்கும் நல்ல பசி. ஆனாலும் 6 பவுண்டு வராமல் சாப்பிடுவதில்லை என்று இரவு முழுவதும் உட்கார்ந்திருந்தார்கள். கோபப்படவும் இல்லை, சண்டை போடவும் இல்லை. பொழுது விடிந்தது. வியாபாரி 6 பவுண்டைக் கொடுத்து, விருந்தும் வைத்தார்!

வந்த பணம் ஒவ்வொன்றுக்கும் ரசீது. செலவு ஒவ்வொன்றுக்கும் கணக்கு. ஊர்ப் பணத்துக்குக் கணக்குச் சுத்தமாக இல்லையென்றால் பொதுவேலையும் சுத்தமாக இருக்காது என்று அவர் உறுதியாக நம்பினார்.

பாலசுந்தரம் வந்தார்

சங்கத்தில் வியாபாரிகள் இருந்தார்கள், குமாஸ்தாக்கள் இருந்தார்கள். கரும்புத் தோட்டத்துக் கூலிகள் மட்டும் வரவில்லை. மாதம் 14 ஷில்லிங் சம்பளத்தில் 5 ஷில்லிங் சந்தா எப்படிக் கொடுப்பார்கள்?

ஒரு நாள் காந்தியின் அலுவலகத்துக்கு ஒரு தமிழர் வந்தார். கிழிந்த உடை. முன்பற்கள் இரண்டு உடைந்திருந்தன. வாயில் ரத்தம். உடம்பெல்லாம் நடுக்கம். பெயர் பாலசுந்தரம். டர்பனில் ஒரு வெள்ளைக்காரரிடம் ஒப்பந்தக் கூலியாக இருந்தவர். அந்த முதலாளிதான் அடித்திருந்தார்.

காந்திக்கு அப்போது தமிழ் தெரியாது. அவரிடம் குமாஸ்தாவாக இருந்த தமிழர்தான் விஷயத்தைக் கேட்டுச் சொன்னார். காந்தி உடனே பாலசுந்தரத்தை டாக்டரிடம் அனுப்பிக் காயத்துக்குச் சான்றிதழ் வாங்கினார். பிறகு நேராக மாஜிஸ்டிரேட்டிடம் அழைத்துப் போனார்.

சாதாரண வேலைக்காரர் வேலையை விட்டுப் போகலாம். ஒப்பந்தக் கூலி போனால் சிறை! எனவே முதலாளியைத் தண்டிப்பதைவிட பாலசுந்தரத்தை விடுவிப்பதே முக்கியம் என்று காந்தி நினைத்தார். முதலாளியைச் சம்மதிக்க வைத்து, ஒப்பந்தத்தை வேறொரு நல்ல முதலாளிக்கு மாற்றிக் கொடுத்தார்.

இதில் இன்னொரு விஷயம் இருக்கிறது. பாலசுந்தரம் உள்ளே வரும்போது தலைத்துண்டைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். வெள்ளைக்காரர் முன்னால் அப்படித்தான் நிற்க வேண்டும் என்பது கூலிகளுக்குப் பழக்கப்படுத்தப்பட்டிருந்தது. காந்தி முன்பும் அப்படியே நின்றார். "துண்டைத் தலையில் கட்டிக்கொள்ளுங்கள்" என்றார் காந்தி. தயங்கித் தயங்கிக் கட்டிக்கொண்ட பாலசுந்தரத்தின் முகத்தில் மகிழ்ச்சி தெரிந்தது.

இந்தச் செய்தி தோட்டம் தோட்டமாகப் பரவியது. நமக்கும் ஒருவர் இருக்கிறார் என்று கூலிகள் காந்தியைத் தேடி வரத் தொடங்கினார்கள். கடல் தாண்டிச் சென்னைக்கும் செய்தி வந்தது. 1896 அக்டோபரில் காந்தி சென்னை வந்து பச்சையப்பன் மண்டபத்தில் பேசியபோது, பாலசுந்தரம் கதை கேட்டு மக்கள் உருகிப் போனார்கள். பாரிமுனை அருகே என்.எஸ்.சி. போஸ் சாலையில் அந்த மண்டபம் இருக்கிறது. எங்கள் ஆதம்பாக்கத்துப் பிள்ளைகள் பரங்கிமலையில் மின்சார ரயில் ஏறினால், கடற்கரை நிலையத்தில் இறங்கிப் போய்ப் பார்க்கலாம்.

காலையில் மருத்துவமனை, கையில் துடைப்பம்

டாக்டர் பூத் என்பவர் நடத்திய சிறிய தர்ம மருத்துவமனைக்கு காந்தி தினமும் காலையில் ஓரிரு மணி நேரம் ஒதுக்கினார். நோயாளிகளிடம் என்ன உபாதை என்று கேட்டு டாக்டரிடம் சொல்வார். மருந்து கலந்து கொடுப்பார். வந்தவர்களில் பெரும்பாலோர் கூலிகள்தான்.

பிளேக் நோய் வரலாம் என்ற பயம் வந்தபோது வீடு வீடாகப் போய், சுற்றுப்புறத்தைச் சுத்தமாக வைக்கச் சொன்னார். சிலர் அவமானப்படுத்தினார்கள். சிலர் காது கொடுத்தே கேட்கவில்லை. உரிமை கேட்கக் கூப்பிட்டபோது ஓடி வந்தவர்கள், குப்பையை அகற்றச் சொன்னபோது வரவில்லை! ஆனாலும் அவர் விடவில்லை.

1901-ல் அவர் தாய்நாடு புறப்பட்டபோது மக்கள் தங்கச் சங்கிலி, வைர மோதிரம் என்று பரிசுகளைக் குவித்தார்கள். கஸ்தூரிபா அம்மையாருக்கும் ஒரு தங்க அட்டிகை கொடுத்தார்கள். சேவைக்குக் கூலியா என்று காந்திக்கு இரவெல்லாம் தூக்கமே வரவில்லை. அம்மையாருக்குத் திருப்பித் தர மனமில்லை. கடைசியில் எல்லாவற்றையும் ஊர் நன்மைக்கான அறக்கட்டளையில் சேர்த்துவிட்டார்கள்.

கணக்கு தீர்ந்தது

அந்த 3 பவுண்டு வரி என்ன ஆயிற்று? 1913-ல் பெரும் போராட்டம் நடந்தது. சுரங்கத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். தமிழ்ப் பெண்கள் பலர் சிறை சென்றார்கள். தில்லையாடியைப் பூர்வீகமாகக் கொண்ட வள்ளியம்மை என்ற 16 வயதுச் சிறுமி, சிறையில் நோயுற்று, வெளியே வந்த சில நாட்களில் 1914 பிப்ரவரி 22 அன்று உயிர் நீத்தார். அந்த ஆண்டே வரி நீக்கப்பட்டது. சட்டம் வந்து 19 ஆண்டுகளுக்குப் பிறகு!

பெரிய போராட்டங்களைத்தான் வரலாறு பெரிய எழுத்தில் எழுதும். அதற்கு முன்னால் காந்தி எத்தனை ரசீது எழுதினார், எத்தனை பேருக்கு மருந்து கலந்து கொடுத்தார், எத்தனை வீட்டு வாசலில் திட்டு வாங்கினார் என்று பாருங்கள். பாலசுந்தரத்துக்கு நம்பிக்கை கொடுத்ததும், அவரைப் போன்ற ஆயிரக்கணக்கானவர்களைப் பின்னாளில் நடக்க வைத்ததும் அவைதான்.

அடுத்த முறை உங்கள் வகுப்பில் சுற்றுலாவுக்கோ விழாவுக்கோ பணம் வசூலிக்கும் பொறுப்பு உங்களுக்கு வந்தால், ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் போடுங்கள். யார் எவ்வளவு கொடுத்தார், எதற்குச் செலவானது என்று எழுதுங்கள். முடிந்ததும் எல்லோருக்கும் காட்டுங்கள். பொதுவேலையின் முதல் பாடம் அது!