வயலுக்குக் கோடு போட்ட சாலை

இத்தாலி நாட்டின் வடபகுதியில் விமானத்தில் பறப்பவர்கள், கீழே ஓர் அதிசயத்தைக் காணலாம். வயல்கள் சதுரங்கப் பலகை போலக் கட்டம் கட்டமாகத் தெரியும். இமோலா, செசேனா ஆகிய ஊர்களின் பக்கத்தில் இது மிகத் தெளிவு.

இந்தக் கட்டங்களுக்கு வயது 2 ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல்! போட்டவர்கள் ரோமாபுரிக்காரர்கள். பல இடங்களில் இவற்றுக்கு மூலக்கோடு ஒரு சாலைதான்.

அதன் பெயர் எமிலியா சாலை. கி.மு. 187-ல் ரோமாபுரியின் "கான்சல்" என்னும் உயர்ந்த பதவியில் இருந்த எமிலியஸ் லெப்பிடஸ் அதைப் போட்டார். கடலோர ரிமினியில் இருந்து போ ஆற்றங்கரையில் உள்ள பியாசென்சா வரை சுமார் 260 கிலோமீட்டர். பெரும்பாலும் நூல் பிடித்தாற்போல் நேராகப் போகிறது.

யாருடைய நிலம்?

நிலம் சும்மா கிடக்கவில்லை. "போயி" என்ற இனத்தார் அங்கே வாழ்ந்தார்கள். கி.மு. 191-ல் அவர்கள் போரில் தோற்றார்கள். அவர்களுடைய நிலத்தில் பாதியை ரோமாபுரி பறித்துக்கொண்டது. படை விரைந்து வரவும், குடியேறுகிறவர்கள் வரவும்தான் சாலை. பறிகொடுத்தவர்களை யார் கேட்டார்கள்?

பிறகு நில அளவைக்காரர்கள் வந்தார்கள். அவர்களுடைய கருவி மிக எளியது. ஒரு கம்பு, அதன் தலையில் சிலுவை போல இரண்டு சட்டங்கள், நான்கு முனையிலும் தொங்கும் தூக்குக்குண்டு. அவ்வளவுதான்! நூலோடு நூல் ஒட்டிப் பார்த்து நேர்கோடு பிடித்தார்கள். கட்டத்தின் ஒரு பக்கம் சுமார் 710 மீட்டர். ஒரு கட்டம் ஏறக்குறைய 125 ஏக்கர். கட்டத்தின் ஓரங்களில் பாதையும் வாய்க்காலும் அமைத்தார்கள். அது தண்ணீர் தேங்கும் தாழ்வான பூமி. வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்த பிறகுதான் பல இடங்களில் ஏர் பூட்ட முடிந்தது.

மூன்று ஏக்கர்

கி.மு. 189-ல் பொலோனாவில் 3 ஆயிரம் பேர் குடியேறினார்கள். குதிரை வீரனுக்கு சுமார் 43 ஏக்கர், மற்றவர்களுக்கு 31 ஏக்கர். ஆறு ஆண்டு கழித்து மொதேனாவில் குடியேறியவனுக்குக் கிடைத்ததோ மூன்று ஏக்கர்தான்! பார்மாவில் ஐந்து. அந்த இரண்டு ஊர்களிலும் பங்கு பிரித்துக் கொடுத்த மூவரில் ஒருவர், சாலை போட்ட அதே லெப்பிடஸ். மூன்று ஏக்கரில் ஒரு குடும்பம் எப்படி வயிறு வளர்த்ததோ!

பொலோனா, மொதேனா, பார்மா மூன்றும் இன்றும் அந்தச் சாலையில்தான் இருக்கின்றன. சாலைக்கு இப்போது தேசிய எண் 9. பக்கத்திலேயே ரெயிலும் ஓடுகிறது. அந்த மாநிலத்தின் பெயரிலேயே "எமிலியா" இருக்கிறது. ரோமர் போட்ட கோடுகளில் பல, கிராமத்துப் பாதையாகவும் வாய்க்காலாகவும் இன்னும் பயன்பட்டு வருகின்றன.