தாழை வளர்க்கலாம், ஆணாகப் பார்த்து

சிவன் கோயில்களில் தாழம்பூவுக்கு இடமில்லை. அடிமுடி தேடிய கதையில் பிரம்மனுக்காகப் பொய்சாட்சி சொன்ன பூ அது. உத்தரகோசமங்கை மங்களநாதர் கோயில் இதற்கு விலக்கு. இங்கே சுவாமிக்குத் தாழம்பூ சாத்துகிறார்கள்.

அந்தப் பூவுக்கு ஆசைப்பட்டு வீட்டில் தாழை வைப்பவர் முதலில் கேட்கவேண்டியது, கன்று ஆண் செடியினுடையதா, பெண் செடியினுடையதா என்று. தாழையில் இரண்டும் தனித்தனி. மணப்பது ஆண்தான். சடையில் வைத்துத் தைக்கும் வெள்ளை மடல்கள் இதழ்கள் அல்ல. பூங்கதிரை மூடிப் பொதியும் இலைகள். மகரந்தம் தூவும் பொடிப்பூக்கள் உள்ளே இருக்கின்றன. பெண் செடி அன்னாசி போலக் காய்க்கும், அவ்வளவே. விதை போட்டால் எது வரும் என்பது பூக்கும்வரை தெரியாது. ஆகவே, பூத்துப் பார்த்த ஆண் செடியின் பக்கக்கன்றைப் பெயர்த்து, ஐப்பசி மழையோடு நட்டுவிடுவது நல்லது. ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்தில் தாழை அத்தர் வடிப்பவர்களும் ஆண் பூவைத்தான் பறிக்கிறார்கள்.

ராமநாதபுரம் பக்கம் ஆழ்துளைக் கிணற்றில் உப்புத்தண்ணீர் வருகிறதே என்று தோட்டத்தைக் கைவிட்டவர்களுக்குத் தாழை தோது. கடலோரச் செடி, மணலும் உப்புக்காற்றும் அதற்குப் பழக்கம். தண்டிலிருந்து இறங்கும் விழுதுகள் தளர்ந்த மணலிலும் செடியைச் சாயவிடாமல் முட்டுக்கொடுக்கின்றன. குளியலறைத் தண்ணீர் ஓடும் கொல்லைப்புறம் போதும். தென்னை நிழலிலும் ஆண்டு முழுவதும் பச்சையாக நிற்கும்; ஆனால் நிழல் அடர்ந்தால் இலைதான் மிஞ்சும். பூ வேண்டுமானால் அரைநாள் வெயிலாவது படவேண்டும். அப்படியும் சில ஆண்டுகள் காத்திருக்கத்தான் வேண்டும்.

மணத்துக்குப் பாம்பு வரும் என்ற பயம் பலருக்கு உண்டு. பாம்புக்குத் தாழம்பூ எதற்கு? உதிர்ந்த மடலும் ஈரமும் சேர்ந்த புதரில் தவளையும் எலியும் ஒண்டும். அவற்றைத் தேடி வரலாம். காய்ந்த இலைகளை அவ்வப்போது கழித்துவிட்டால் தொல்லை குறையும். இலையின் இரு ஓரத்திலும் நடுநரம்பின் அடிப்பக்கத்திலும் முள் உண்டு என்பதால் கையுறை கட்டாயம். நடைபாதையை விட்டுத் தள்ளியே நடுங்கள்.

நர்சரியில் தொட்டியில் விற்கும் வெள்ளைக்கோட்டுத் தாழை வேறு இனம். திண்ணை நிழலுக்கு அழகு, பூவை எதிர்பார்க்கவேண்டாம். முழு நிழல்தான் இருக்கிறது, மணமும் வேண்டும் என்பவர்களுக்கு ரம்பை இருக்கிறது. யாழ்ப்பாணத்துச் சமையலில் கறிவேப்பிலையோடு தாளிக்கும் இந்தச் செடியும் தாழைக் குடும்பம்தான். முள் கிடையாது என்றே சொல்லலாம், மணம் இலையிலேயே இருக்கிறது. பாசுமதி அரிசிக்கு வாசம் தரும் அதே வேதிப்பொருள்தான் இதிலும். ஒன்று, இதற்கு உப்புத்தண்ணீர் ஆகாது. மழைநீரைப் பிடித்துத்தான் ஊற்றவேண்டும்.